மேசையில் வைத்து அளந்த பறப்பு: புத்தாக்கப் போட்டி நடுவர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மாகாண மட்டப் பாடசாலைப் புத்தாக்கப் போட்டியின் நடுவர்களுக்கும், அதை நடத்திய அதிகாரிகளுக்கும்.

எங்கள் பிள்ளைகளின் செயற்றிட்டத்துக்கு நீங்கள் இட்ட மதிப்பீட்டுத் தாள் சென்ற வாரம் கைக்கு வந்தது. குறிப்புரை என்ற கட்டத்துக்குள் மூன்று வரிகள். “விளையாட்டு ட்ரோன், பாகங்கள் கடையில் வாங்கியவை.” “கணினிச் சிமுலேற்றரில் செய்யக்கூடியதை ஏன் பறக்கவிட வேண்டும்?” “பிரதேசத் தேவையுடன் தொடர்பில்லை.” ஐந்து பிள்ளைகள் பதினொரு மாதம் செய்த வேலைக்கு அவ்வளவுதான்.

நான் அவர்களுக்குப் பொறியியல் தொழினுட்பம் படிப்பிக்கிற ஆசிரியை. பரிசு கிடைக்கவில்லை என்பதற்காக இதை எழுதவில்லை. போட்டி என்றால் வெல்வதும் தோற்பதும் உண்டு, அது பிள்ளைகளுக்கும் தெரியும். பறந்து காட்டவேண்டிய ஒன்றை ஒருதரமேனும் பறக்கவிடாமல், மேசையில் வைத்துப் பார்த்துப் புள்ளி போட்டீர்கள். அதை விழுங்கிக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை.

அன்று என்ன நடந்தது என்பதை முதலில் சொல்கிறேன். மண்டூர்ப் பக்கத்திலிருந்து மட்டக்களப்பு வாவியைக் கடந்து குருமண்வெளிக்கு வரும் முதல் பாதையில், அதாவது ஆட்களை ஏற்றும் மிதவையில், நாங்கள் ஏறியபோது விடிந்திருக்கவில்லை. பெட்டியைப் பழைய சாரத்தால் சுற்றி, தண்ணீர் தெறிக்காமல் இரண்டு பேர் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். அக்கரையில் இறங்கி பஸ் பிடித்து மண்டபத்துக்கு வந்தால், எங்களுக்கு ஒதுக்கிய மேசையில் “பறக்கவிடுதல் தடை” என்று தாள் ஒட்டியிருந்தது. மண்டபத்துக்குள் பறக்கவிடக்கூடாது என்பது நியாயம், நானே விடமாட்டேன். வெளியே மைதானம் வெறுமையாகக் கிடந்தது. பத்து நிமிடம் வெளியே வாருங்கள் என்று கேட்டோம். நேரமில்லை என்றீர்கள். உங்களில் ஒருவர் பேனையால் விசிறியைத் தட்டிச் சுழற்றிப் பார்த்துவிட்டு, “இது என்ன, கலியாண வீட்டுக்குப் படம் எடுக்கிறதா?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியிருந்த மாணவன் பாதி வசனத்தில் நின்றுவிட்டான். அவன் சொல்ல வந்ததை இப்போது நான் சொல்கிறேன்.

அந்த மேசையில் இருந்தது படம் எடுக்கும் ட்ரோன் இல்லை. பறக்கும் சிமுலேற்றர் என்று உலகம் எழுபது வருடத்துக்கும் மேலாக ஆராய்ந்துவரும் ஒரு கருத்தின் சிறிய வடிவம் அது. ஒரு வானூர்தி வானத்தில் இருந்துகொண்டே, இன்னும் கட்டப்படாத வேறொரு வானூர்தியைப் போல நடந்துகொள்வதுதான் அந்தக் கருத்து. விமானியின் கைப்பிடி சிறகோடும் விசிறியோடும் நேரே இணைந்திருக்காது. இடையில் ஒரு கணினி இருக்கும். விமானி கைப்பிடியை அசைத்தால், “நீ ஆராய்கிற அந்தப் புதிய வானூர்தியாக இருந்தால் இதற்கு எப்படித் திரும்பியிருக்கும்?” என்று கணினி கணக்குப் பார்த்து, உண்மையான வானூர்தியை அப்படியே திரும்பவைக்கும். பக்கத்து இருக்கையில் பாதுகாப்பு விமானி ஒருவர் இருப்பார். ஏதாவது பிசகினால் ஒரு சுவிச்சில் கணினியை வெட்டிவிட்டு, வானூர்தியைத் தன் கைக்கு எடுத்துக்கொள்வார்.

இதை நான் வகுப்பில் விளங்கப்படுத்தியபோது, வாவியில் மீன்பிடிக்கிற குடும்பத்துப் பையன் ஒருவன் கையை உயர்த்தினான். “மிஸ், வெறுந்தோணி ஒரு மாதிரி ஆடும், வலையும் மீனும் ஏத்தின தோணி வேற மாதிரி ஆடும். அப்பா என்னைப் பழக்கேக்க முன்பக்கத்தில ஈரமண் மூட்டை ரெண்டு வச்சித்தான் விட்டவர். பாரம் ஏத்தின தோணியில இருக்கிற மாதிரியே இருந்திச்சி. அதுதானே இது?” என்றான். அதேதான், மனே. மூட்டைக்குப் பதிலாகக் கணினி, தண்ணீருக்குப் பதிலாகக் காற்று. அந்தப் பையனைத்தான் கலியாண வீட்டுக் கேள்வி வாயடைக்கவைத்தது.

இனி உங்கள் மூன்று வரிகளுக்கு வருகிறேன்.

பாகங்கள் கடையில் வாங்கியவை என்றீர்கள். உண்மைதான். சட்டகம், மோட்டர், பற்றரி எல்லாம் வாங்கினோம். ஆனால் இந்தத் துறையின் புகழ்பெற்ற ஆய்வு விமானமான எக்ஸ்-14 எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். அமெரிக்காவின் பெல் விமான நிறுவனம் அதைக் கட்டியபோது சிறகுகளை பீச்கிராஃப்ற் பொனான்சா என்ற சிறு விமானத்திலிருந்தும், வாலை ரி-34 மென்ரர் என்ற பயிற்சி விமானத்திலிருந்தும் எடுத்தது. விமானிக்கு மேலே மூடிகூட இல்லை. 1957இல் அது நிலத்திலிருந்து நேரே எழும்பி அந்தரத்தில் நின்றது. பிறகு நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்குப் போய், 1981 வரை அங்கே வேலை செய்தது. அதன் கட்டுப்பாட்டுத் தன்மைகளை மாற்றி மாற்றி, அந்தரத்தில் நிற்கிற வானூர்திக்கு எவ்வளவு கட்டுப்பாட்டு வலு வேண்டும், எவ்வளவு குறைந்தால் விமானி திணறுவான் என்று ஆராய்ந்தார்கள். சிறகு யாருடையது என்று அங்கே ஒருவரும் புள்ளி குறைக்கவில்லை. புதுமை சிறகில் இருக்கவில்லை, கேட்கப்பட்ட கேள்வியில் இருந்தது.

எங்கள் பிள்ளைகளின் புதுமையும் அங்கேதான் இருந்தது. பறப்பைக் கட்டுப்படுத்துகிற சிறு கணினிக்குள் அவர்கள் தாங்களே எழுதிய நிரல் இருந்தது. அறிக்கையின் நான்காம் பக்கத்திலிருந்து ஒன்பதாம் பக்கம் வரை அதுதான். நாங்கள் திருப்பி வாங்கிய அறிக்கையில் அந்தப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே இருந்தன. அச்சுக் கடையில் பசை கசிந்து ஒட்டிப்போனவை அவை. ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. இதைக் கோபத்தில் சொல்லவில்லை. வேண்டுமானால் அந்த அறிக்கையை அப்படியே கொண்டுவந்து காட்டுகிறேன்.

இரண்டாவது வரிதான் எனக்கு மிகவும் கவலை தந்தது, ஏனென்றால் அது நல்ல கேள்வி. கேள்வியாகக் கேட்டிருந்தால் பிள்ளைகள் மகிழ்ச்சியோடு பதில் சொல்லியிருப்பார்கள். நீங்கள் அதைத் தீர்ப்பாக எழுதிவிட்டீர்கள்.

நிலத்தில் நிற்கும் சிமுலேற்றர் பயனற்றது என்று யாரும் சொல்லவில்லை. மலிவு, பாதுகாப்பு, எத்தனை தரமும் விழலாம். ஆனால் அதன் அறை கொஞ்சத் தூரம்தான் அசையும். அசைந்துவிட்டுக் கள்ளத்தனமாக மெல்லத் திரும்பி நடுவுக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த அசைவுக்கு இடமிருக்காது. உடம்பு ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்லும். சாதாரணப் பறப்பில் இது பெரிய குறையில்லை. நேரே எழும்பி நேரே இறங்கும் வானூர்திகளுக்கோ அந்தரத்தில் நிற்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் எல்லாம். சிறகில் காற்று ஓடாது. சிறகு தருகிற உறுதி போய்விடும். விமானி ஒவ்வொரு கணமும் கையால் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். அந்தத் திருத்தம் கண்ணிலும் உடம்பிலும் படுகிற மிகச் சிறிய அசைவுகளிலிருந்து வருவது. இன்னொன்றும் உண்டு. திரையில் விழுந்தால் மீண்டும் தொடங்கலாம் என்று கைக்குத் தெரியும். அது தெரிந்த கை வேறு, தெரியாத கை வேறு.

சிறகை உண்மையில் மாற்றாமல் மாற்றியதுபோல் விமானியை உணரவைக்கும் வேலையை 1940களின் இறுதியிலேயே ஏம்ஸில் ஒரு ஹெல்கற் போர்விமானத்தைக் கொண்டு செய்தார்கள். நேர்எழும் விமானங்களுக்கு அது எவ்வளவு தேவை என்று தெரிந்தபின், அதற்கென்றே ஒரு விமானம் கட்டப்பட்டது: எக்ஸ்-22ஏ. வளையத்துக்குள் சுழலும் நான்கு பெரிய விசிறிகள். அவற்றைத் திருப்பினால் மேலே எழும்பும், முன்னோக்கியும் பறக்கும். அதன் நடத்தையைக் கணினியால் மாற்றுகிற ஏற்பாடு பிறகு சேர்த்த ஒன்றில்லை, விமானத்தின் நோக்கங்களிலேயே ஒன்று. 1966 மார்ச்சில் முதல் விமானம் பறந்தது, அதே ஆண்டு ஆகஸ்ட்டில் விழுந்து நொறுங்கியது. இரண்டாவது விமானம் 1980கள் வரை பறந்து ஆய்வுக்கு உதவியது.

விழுந்ததைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், “பரிசோதனையின்போது இரு தடவை விழுந்துள்ளது” என்று உங்களில் ஒருவர் எங்கள் அறிக்கையின் ஓரத்தில் சிவப்பில் கோடிட்டிருக்கிறார். விழுந்ததைப் பிள்ளைகள் மறைக்காமல் எழுதினார்கள். எழுதவேண்டும் என்று நான்தான் சொன்னேன். சந்திரனில் இறங்குவதைப் பழகுவதற்காக நாசா 1964இல் பறக்கவிட்ட கலமும் ஒரு பறக்கும் சிமுலேற்றர்தான். கட்டில் சட்டம்போல ஒரு கூடு, நடுவில் செங்குத்தாக ஒரு ஜெட் இயந்திரம். எடையில் ஆறில் ஐந்து பங்கை அந்த இயந்திரம் தாங்கிக்கொள்ள, மீதி ஆறில் ஒரு பங்கோடு சந்திரனில் இருப்பதுபோல விமானி அதை இறக்கவேண்டும். 1968 மே 6ஆம் திகதி நீல் ஆம்ஸ்ட்ரோங் அதில் பறந்தபோது கட்டுப்பாடு போய், இருக்கையோடு வெளியே தெறித்து பரசூட்டில் உயிர் தப்பினார். கலம் எரிந்துபோனது. பயிற்சியை நிறுத்தவில்லை. அதே இனத்துப் புதிய கலங்களில் விண்வெளி வீரர்கள் தொடர்ந்து பழகினார்கள், அவரும் பழகினார். அடுத்த ஆண்டு ஜூலையில் சந்திரனில் இறங்கினார். எங்கள் ட்ரோன் விழுந்தபோது போனது நான்கு விசிறியும் ஒரு காலும்.

நாங்கள் செய்ததன் எல்லையையும் சொல்லவேண்டும், பிள்ளைகள் பதினோராம் பக்கத்தில் அதை எழுதியும் இருக்கிறார்கள். எங்கள் கருவிக்குள் ஆள் ஏற முடியாது. உடம்பு உணர்கிற அசைவு அதில் கிடைக்காது. சிறகு இல்லாததால் வேகமான பறப்பையும் அது நடித்துக்காட்டாது. அந்தரத்தில் நிற்பதையும் மெல்ல நகர்வதையும் மட்டும்தான் ஆராய்ந்தோம். ஆனால் காற்று உண்மை. நிலம் உண்மை. உடைந்தால் அடுத்த விசிறிக்கு யார் காசு தருவது என்ற பயமும் உண்மை.

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற ஜூன், ஜூலை மாதங்களில், பின்னேரம் மைதானம் வெறுமையான பிறகு பறக்கவிட்டோம். இரண்டு ரிமோட்டுகளை ஒரு வயரால் இணைத்திருந்தோம். ஒன்று பறக்கவிடுகிற பிள்ளையின் கையில், மற்றது பாதுகாப்புக்கு நிற்கும் மாணவியின் கையில். அவளுடைய ரிமோட்டில் ஸ்பிறிங் போட்ட சுவிச் ஒன்று உண்டு. அதை இழுத்துப் பிடித்திருக்கும் வரைதான் மற்றப் பிள்ளைக்குக் கட்டுப்பாடு. விட்டால் அந்தக் கணமே அவளுக்கு வந்துவிடும். பிடித்துப் பிடித்து அவளுடைய விரல் நுனி வெளிறிப்போயிருக்கும். ஆனால் கண் ட்ரோனை விட்டு விலகாது. எத்தனையோ பறப்பில் அவள் விட்டது பன்னிரண்டு தரம். இரண்டு தரம் பிந்திவிட்டாள். அவைதான் நீங்கள் கோடிட்ட இரண்டு.

நிரலில் அவர்கள் மாற்றியது ஒன்றே ஒன்று: ரிமோட்டின் குச்சியை அசைப்பதற்கும் வானூர்தி அதை உணர்ந்து சரிவதற்கும் இடையிலான தாமதம். பெரிய, பாரமான வானூர்தி உடனே திரும்பாது. அதை நடிக்கவேண்டுமென்றால் நடிக்கிற வானூர்தி அதைவிடச் சுறுசுறுப்பாக இருக்கவேண்டும். சிறிய ட்ரோன் அப்படியானது, அதனால்தான் அதைத் தேர்ந்தோம். ஒவ்வொரு பறப்புக்கும் பிறகு பறக்கவிட்ட பிள்ளை 1 முதல் 10 வரை ஒரு எண் சொல்லவேண்டும். கூப்பர், ஹார்ப்பர் என்ற இருவர் 1969இல் வெளியிட்ட அளவுகோல் அது. கட்டுப்படுத்த எந்தச் சிரமமும் இல்லை என்றால் 1, கட்டுப்பாடு கைவிட்டுப் போகிறது என்றால் 10. இன்றும் உலகெங்கும் சோதனை விமானிகள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

தாமதத்தைக் கால் செக்கனுக்குக் கொண்டுபோனபோது நடந்ததை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். கணினித் திரையில் அதே நிரலை ஓட்டி 3 என்று சொன்ன பையன், மைதானத்தில் குச்சியை இடப்பக்கம் தள்ளினான். ட்ரோன் அசையவில்லை. இன்னும் தள்ளினான். அப்போதுதான் முதல் அசைவு வந்தது, இரண்டாவதும் சேர்ந்து வந்தது. பயந்து வலப்பக்கம் இழுத்தான், அதுவும் பிந்தி வந்தது. ட்ரோன் ஊஞ்சல்போல ஆடத் தொடங்கியது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிது. மாணவி சுவிச்சை விட்டு, ட்ரோனைத் தன் கட்டுப்பாட்டுக்குள் எடுத்துக்கொண்டாள். பையன் ரிமோட்டைப் புல்லில் வைத்துவிட்டு, “8” என்றான். அவன் கை நடுங்கியது. ஒரே நிரல், ஒரே பிள்ளை, திரையில் 3, காற்றில் 8. நீங்கள் கேட்ட “ஏன் பறக்கவிட வேண்டும்” என்பதற்கு விடை இதுதான். அட்டவணையாக ஏழாம் பக்கத்தில் இருக்கிறது, ஒட்டிய பக்கங்களுக்குள்.

உலகம் இந்த வேலையை இன்னும் கைவிடவில்லை. நேரே எழும்பி இறங்கும் பழைய ஹரியர் போர் விமானத்தில் கைப்பிடி, விசைக் கைப்பிடி, ஜெட் வெளியேறும் புகைவாயைத் திருப்பும் நெம்புகோல் என மூன்று. விமானிக்கு இருப்பதோ இரண்டு கை. இங்கிலாந்தில் இரட்டை இருக்கை ஹரியர் ஒன்றைப் பறக்கும் ஆய்வுகூடமாக்கி, ஒரு இருக்கையில் பாதுகாப்பு விமானியை வைத்துக்கொண்டு, மற்ற இருக்கையில் புதிய கட்டுப்பாட்டு முறைகளைப் பல வருடம் சோதித்தார்கள். இன்றைய எஃப்-35பி போர் விமானம் நேரே இறங்கும்போது விமானி அவ்வளவு இலகுவாகக் கையாள்வதற்கு அந்த ஆய்வு ஒரு காரணம். கனடாவின் தேசிய ஆய்வுச் சபை பெல் 205 உலங்குவானூர்தியை இப்படி மாற்றிப் பயன்படுத்தியது. ஜேர்மனியில் பிறவுன்ஸ்வைக் நகரில் ஈசி-135 உலங்குவானூர்தி ஒன்று இதே வேலைக்கென மாற்றப்பட்டது.

இனி மூன்றாவது வரி. பிரதேசத் தேவையுடன் தொடர்பில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 2011 ஜனவரி வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரையில் வீதிகள் அறுந்து, வயலும் குளமும் ஒன்றாகிக் கிடந்த நாட்கள். நாங்கள் தங்கியிருந்த பாடசாலைக்கு மேலே ஒரு உலங்குவானூர்தி வந்தது. மைதானம் முழுக்கத் தண்ணீர், ஒருபக்கம் தென்னை, மறுபக்கம் மின்கம்பி. இறங்க வந்து, காற்றுத் தள்ள, விலகிப்போய், திரும்ப வந்தது. தண்ணீர் எங்கள் முகத்தில் அறைந்தது; கூரைத் தகரம் ஒன்று எழும்பி விழுந்தது. மூன்றாம் முறை சற்று நேரம் நின்றது. நின்றது என்று சொல்வது தவறு, அது ஒரு கணமும் நிற்கவில்லை. இப்படியும் அப்படியும் கைமுழம் அளவுக்கு ஆடிக்கொண்டே இருந்தது. உள்ளே யாரோ விடாமல் திருத்திக்கொண்டே இருந்தார்கள். மேலிருந்து போட்ட மூட்டைகளில் ஒன்று தண்ணீருக்குள் விழுந்தது. எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மம்மா ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப்போய் அதை இழுத்து வந்தார். ஓடுபாதை தேவைப்படாத வானூர்தி எங்களுக்கு என்ன என்று அன்றே எனக்கு விளங்கியது. மட்டக்களப்பு நகர்ப் பக்கம் திமிலைதீவில் ஓடுபாதை இருக்கிறது. வெள்ளம் வந்தால் அங்கிருந்து மண்டூருக்கோ வெல்லாவெளிக்கோ பாதையும் ஓடாது, பஸ்சும் ஓடாது. குறுகிய இடத்தில் ஏறி இறங்குகிற வானூர்தி, காற்றில் விமானி கை தளராமல் கையாளக்கூடியதாக இருப்பது இந்தக் கரையில் உயிரோடு தொடர்புள்ள விடயம். பிரதேசத் தேவை இதைவிட வேறென்ன?

நான் கேட்பவை இவை. எங்கள் பிள்ளைகளின் செயற்றிட்டத்தை ஒரு திறந்த மைதானத்தில், பறக்கவிட்டுப் பார்த்து, மீண்டும் மதிப்பிடுங்கள். அரை மணித்தியாலம் போதும். கட்டுப்பாட்டுப் பொறியியலோ பறப்போ தெரிந்த ஒருவரையாவது அன்று அழைத்து வாருங்கள். முடிவு மாறவேண்டும் என்று நான் கேட்கவில்லை. பார்த்தபின் அதே புள்ளியைத்தான் போடுகிறீர்கள் என்றால் ஏற்றுக்கொள்வோம். ஆனால் எந்த அளவுகோலுக்கு எத்தனை புள்ளி, ஏன் என்று எழுத்தில் தாருங்கள்.

அடுத்த வருடச் சுற்றறிக்கையில், பறக்கும், மிதக்கும், ஓடும் செயற்றிட்டங்களை அவற்றுக்குரிய இடத்தில் இயக்கிக் காட்டப் பாடசாலைகளுக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி சேருங்கள். ட்ரோன் பறக்கவிடுவதற்கான அனுமதிக்கு ஒவ்வொரு பாடசாலையும் தனித்தனியே கடிதம் எழுதி அலையாமல், சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையிடமும் பாதுகாப்புத் தரப்பிடமும் மாகாணக் கல்வித் திணைக்களமே பேசி, ஒரு பொது ஒழுங்கைச் செய்து தாருங்கள். எங்கள் அனுமதிக் கடிதத்துக்காக நானே நான்கு தரம் அலைந்தேன். படுவான்கரையிலிருந்து ஒரு தரம் போய்வர ஒரு முழுநாள் லீவு.

கலியாண வீட்டுக் கேள்வியைக் கேட்டவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். நான் அவருடைய பெயரை எங்கும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவர் அந்த மாணவனுக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும், அல்லது மைதானத்துக்கு வரும் நாளில் அவன் சொல்லி முடிப்பதை முழுவதுமாகக் கேட்கவேண்டும். இரண்டாவதைத்தான் அவன் விரும்புவான்.

மூன்றாம் தவணை தொடங்குவதற்கு முன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம். ட்ரோன் பெட்டிக்குள்ளேதான் இருக்கிறது, பற்றரி கிழமைக்கு ஒருதரம் பார்த்துச் சரிசெய்யப்படுகிறது. நீங்கள் நாள் குறித்தால், அன்று காலை முதல் பாதையில் நாங்கள் வருவோம்.

இப்படிக்கு,
படுவான்கரைப் பாடசாலை ஒன்றின் பொறியியல் தொழினுட்ப ஆசிரியை